ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: முதல் முறையாக ஒரு வின்டேஜ் கார் வாங்கப்போகிறேன், நிலையை எப்படிக் கணிப்பது, என்ன விலை கொடுப்பது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். 31 வருடமாக இந்த வண்டிகளைக் கழற்றிப் பூட்டுவதுதான் என் வேலை. ஆசையாக வாங்கிவிட்டு, ஆறே மாதத்தில் மனம் நொந்து, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களில் ஒருவரும் அப்படி வரக்கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, 1929 ஃபோர்டு மாடல் ஏ டூரர் (கூரை மூடாத திறந்த வண்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டும் சீக்கிரமே செய்துவிடக்கூடிய வேலைகள். புது பேட்டரி, கழுவிய கார்புரேட்டர், நான்கு புது பிளக் இருந்தால் தேய்ந்துபோன என்ஜின்கூட ஸ்டார்ட் ஆகும். ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, வண்டி முழுதாக இருக்கிறதா என்பதுதான். தகட்டுக்கு உள்ளே இருக்கும் சட்டம் திடமாக இருக்கிறதா, அந்த மாடலுக்கு உரிய விளக்கு, மீட்டர், ரேடியேட்டர் மூடி, கைப்பிடி, ஹூட் எனும் மடிப்புத் துணிக் கூரையின் கம்பி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 24 வயதில் 1929 ஆஸ்டின் செவன் சலூன், அதாவது கூரை மூடிய கார் ஒன்றை வாங்கினேன். 747 சிசி என்ஜின், கைக்கு அடக்கமான சின்ன வண்டி. கிராங்க் ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றியதுமே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் கதவைத் திறந்தேன், கீலோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. தகட்டுக்குப் பின்னால் இருந்த ஆஷ் மரச் சட்டம் மாவாகிப்போயிருந்தது. திருகுகள் பிடித்துக்கொண்டிருந்தது மரத்தை அல்ல, பள்ளத்தில் அடைத்த பட்டி மாவை. என்ஜினை இறக்கி முழு வேலையும் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. மரச் சட்டத்தை ஒவ்வொரு துண்டாக அளவெடுத்து, வளைத்து, இழைத்து மாட்டி முடிக்க நான்கு வருடம் ஆனது. ஹெட்லைட் வேறு ஏதோ வண்டியுடையது என்பதே இரண்டாவது வருடத்தில்தான் தெரிந்தது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். மறுபடி பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் ரேடியேட்டர் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உடனே அவர் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆறிய என்ஜின் எப்படி எழுகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கதவிலிருந்து தொடங்குங்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடி இருக்கும் ஓரத்தைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். கீல் ஆணி மட்டும் ஆடினால் அது சின்ன வேலை. கீல் பதிந்திருக்கும் தூணே அசைந்தால் கவனம் தேவை. நான்கு கதவுகளின் இடுக்குகளையும் கண்ணால் அளந்து பாருங்கள். மேலே விரல் நுழையும் இடைவெளி, கீழே தகடு தகட்டோடு உரசல் என்றால் உடல் தொங்கியிருக்கிறது, அல்லது ஃபிரேமே வளைந்திருக்கிறது. மாடல் ஏ-யின் உடல் பெரும்பாலும் எஃகு என்பது உங்களுக்கு நல்ல செய்தி. மூடிய மாடல்களில், அதிலும் வெளிக் கம்பெனிகள் செய்துகொடுத்த நான்கு கதவு உடல்களில், மரம் அதிகம். அவற்றுக்குத் தரை விரிப்பைத் தூக்கி, ஊசி போன்ற ஒன்றால் மரத்தைக் குத்திப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். நல்ல மரம் ஊசியைத் திருப்பித் தள்ளும்.

அடுத்து காந்தம். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டின் கீழ் விளிம்பு, கதவின் அடிப்பகுதி, பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்தக் காலத்தில் சில தயாரிப்பாளர்கள் அலுமினியத் தகட்டையே பயன்படுத்தினார்கள். அந்த வண்டிகளில் காந்தம் எங்குமே பிடிக்காது. அங்கே விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி மொத்தென்று ஒலிக்கும். இரண்டு இடத்தில் தட்டினாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

மாடல் ஏ-க்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. அதன் பெட்ரோல் டேங்க் தனியாகப் பின்னால் இல்லை. டாஷ்போர்டுக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே, உடலின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி கார்புரேட்டருக்குப் போகும். டேங்கில் கசிவு இருந்தால் அது உங்கள் முழங்காலுக்கு நேர் மேலே. மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா பாருங்கள், கீழ்த் தையலை விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். பிரேக் நான்கு சக்கரத்துக்கும் கம்பி இணைப்புதான், ஆயில் கிடையாது. ஒவ்வொரு இணைப்பிலும் சின்ன ஆட்டம் இருந்தால்கூட மொத்தமாகச் சேர்ந்து பெடல் பாதிக்கு மேல் போய்விடும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒன்று வீல் பேரிங், இல்லையென்றால் கிங் பின், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு ஆணி. பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கும்போதும் அதே ஆட்டம் இருந்தால் கிங் பின்தான்.

அப்புறம் பளபளப்பு. 1928, 1929 மாடல் ஏ-களில் ரேடியேட்டர் சட்டமும் ஹெட்லைட்டும் நிக்கல் முலாம். 1930 முதல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். உங்கள் 1929 வண்டி நீலம் கலந்த வெள்ளையில் மின்னினால் அது பிற்பாடு போட்ட குரோம். ஓட்டுவதற்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் "எல்லாமே ஒரிஜினல்" என்று விற்பவர் சொல்லியிருந்தால், வேறு எங்கெல்லாம் அந்தச் சொல் பொருந்தவில்லை என்று தேட வேண்டியிருக்கும்.

டயரில் பட்டன் தேயாமல் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். இந்த வண்டிகள் வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடும், அதனால் ரப்பர் தேய்வதற்கு முன்பே வயதாகி இறுகிவிடும். பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி அடித்திருந்தால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தேதி இல்லாவிட்டால் விரிசல்தான் சாட்சி.

முதல் வண்டிக்கு மாடல் ஏ நல்ல தேர்வு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1927 கடைசியிலிருந்து 1932 தொடக்கம் வரை 50 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்தார்கள். இன்றைக்கும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாகவே தயாராகிறது. யாருக்கும் தெரியாத, என்றோ மூடிய கம்பெனியின் வண்டி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கலாம். அதன் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி உடைந்தால் அதை நீங்களே செய்து எடுக்க வேண்டும்.

கேள்வி: நான் பார்த்து வைத்திருப்பது 1926 ஃபோர்டு மாடல் டி. கூட வந்த மெக்கானிக் தம்பி கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் 55தான் காட்டுது, என்ஜின் போயிடுச்சு" என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: அந்தத் தம்பி இன்றைய வண்டிகளில் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் இந்த வண்டியை அந்த அளவுகோலால் அளக்க முடியாது. கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம், அந்த 55 சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. இன்றைய பெட்ரோல் என்ஜினில் கம்ப்ரஷன் விகிதம் 10-க்கு 1 என்பது சாதாரணம். மாடல் டி-யில் அது சுமார் 4-க்கு 1 மட்டுமே. 2.9 லிட்டர் என்ஜின், 20 குதிரைத்திறன், அவ்வளவுதான் அதன் வடிவமைப்பு. 55 அதற்கு ஆரோக்கியமான எண்ணே.

நீங்கள் பார்க்க வேண்டியது நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று. 55, 57, 54, 55 என்றால் நிம்மதியாக இருங்கள். 55, 57, 54, 30 என்றால் அந்த நான்காவது சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு, இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் நான் முதலில் கேஸ்கெட்டைத்தான் பார்ப்பேன்.

இந்த என்ஜின்களில் என்னை உண்மையில் பயமுறுத்துவது கம்ப்ரஷன் இல்லை, பேரிங். இன்றைய வண்டிபோல மாற்றிப் போடும் ஷெல் பேரிங் இதில் கிடையாது. ஒயிட் மெட்டல் என்று நாங்கள் சொல்லும் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றி, லேத்தில் கடைந்து, நீல மை தடவி, கையால் சுரண்டிச் சுரண்டிப் பொருத்த வேண்டும். ஐசக் பாபிட் 1839-இல் உருவாக்கிய கலவையின் வழிவந்ததுதான் இது. அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன, அதனால் கூலியும் அதிகம், காத்திருக்கும் காலமும் அதிகம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு பேரிங்குக்கு ஒரு நாள் முழுக்க உட்காருவார்.

அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காதுதான் சொல்லும். சூடான என்ஜினை மிதமான வேகத்துக்கு ஏற்றி, த்ராட்டிலைச் சட்டென்று மூடுங்கள். வேகம் இறங்கும்போது கலகலவென்று ஒரு இலேசான தட்டல் வந்தால் கனெக்டிங் ராட் பேரிங்கில் இடைவெளி விழுந்திருக்கிறது. பாரம் ஏற்றும்போது அடியிலிருந்து கனமான ஒரு இடி வந்தால் மெயின் பேரிங். எந்த சிலிண்டர் என்று தெரிய, ஒவ்வொரு சிலிண்டராகத் தீப்பொறியை நிறுத்திப் பாருங்கள். தட்டல் எங்கே அடங்குகிறதோ அங்கேதான் குறை.

ஆயில் பிரஷர் மீட்டர் இல்லையே என்று யாராவது சொன்னால் அதுவும் குறை இல்லை. மாடல் டி-யில் ஆயில் பம்பே கிடையாது, ஆயில் தெறித்துத்தான் எல்லா இடத்துக்கும் போகிறது. அடியில் இரண்டு சின்னக் குழாய்கள் இருக்கும். கீழ்க் குழாயைத் திறந்தால் ஆயில் வர வேண்டும், மேல் குழாயில் வரக்கூடாது. இதைக் கேட்டதும் விற்பவருக்கு அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா பாருங்கள். வண்டியை அவர் எப்படிப் பராமரித்தார் என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சின்ன மேடு ஏறச் சொல்லுங்கள். இதில் இடது பெடலை முழுக்க மிதித்தால் லோ கியர், விட்டால் ஹை, நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். லோவில் என்ஜின் கத்தியும் வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தால் கியர் பெட்டிக்குள் இருக்கும் பேண்டுகள் தேய்ந்திருக்கின்றன. சக்கரத்தில் மர ஆரங்கள் இருந்தால் பிடித்து ஆட்டிக் காது கொடுங்கள். கீச்சென்றால் ஆரம் தளர்ந்திருக்கிறது. முந்தின இரவு தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் மரம் உப்பி அன்றைக்கு மட்டும் இறுகிவிடும். அதனால் ஆரத்தின் அடிப்பகுதி ஈரமாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: 1919 மாடல் டி, சிவப்பு நிறம். ஒரிஜினல் பெயின்ட் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. வண்டி நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அந்தச் சிவப்பு பிற்பாடு அடித்தது.

கேள்வி: ஒரே மாடல், ஒரே வருடம். ஒருவர் சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் இன்னொருவர் கேட்கிறார், ஆனால் அது பிரித்துப் போட்ட வண்டி. மலிவானதை வாங்கி, மெதுவாகச் செலவு செய்து சரிசெய்துகொள்வது நல்லதுதானே அண்ணா?

பதில்: இந்த நினைப்பில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நன்றாக ஓடும், பார்க்கவும் நன்றாக இருக்கும் ஒரு வண்டியின் விலையைக் கண்டுபிடியுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையை எடுக்காதீர்கள், அது விற்பவரின் ஆசை. விற்று முடிந்த விலை வேண்டும். ஏல நிறுவனங்கள் முடிவுகளை வெளியிடுகின்றன. சுத்தியல் தட்டும்போது முடிவான விலையா, வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்ததா என்று கவனித்துப் படியுங்கள், இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். உடல் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) வந்த திறந்த டூரரும், இரண்டு பேர் உட்காரும் திறந்த ரோட்ஸ்டரும் பொதுவாக நான்கு கதவு சலூனைவிட அதிக விலை போகும். குறைந்தது மூன்று விற்பனையாவது பார்த்து, நடுவில் உள்ளதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மலிவு வண்டி 33. நான் கணக்குப் போடும் விதத்தை ஒரு உதாரணமாகக் காட்டுகிறேன். டயர், டியூப் 6. சீட்டும் ஹூட்டும் 14. முலாம் வேலை 9. ஒயிட் மெட்டலோடு என்ஜின் 22. வயரிங் 4. மரமும் டிங்கரிங்கும் 20. பெயின்ட் 15. கூட்டினால் 90. பிரித்த பிறகு தெரியவரும் வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு நான் எப்போதும் சேர்ப்பேன், ஆக 120. வாங்கிய 33-ஐச் சேர்த்தால் 153. அதே வண்டி பக்கத்திலேயே 100-க்கு நிற்கிறது. 153 செலவழித்த யாரோ ஒருவர்தான் அதை 100-க்கு விற்கிறார்.

பிரித்துப் போட்ட வண்டியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பெட்டி பெட்டியாகக் கிடக்கும்போது எது இருக்கிறது, எது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பிரித்தவர் பிரித்தபோது எடுத்த போட்டோ இல்லையென்றால், பெரிய பாகங்களை எல்லாம் தரையில் வண்டியின் வடிவத்திலேயே பரப்பி, அந்த மாடலின் பாகப் பட்டியலோடு ஒத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

அப்படியென்றால் யாருமே அதை வாங்கக் கூடாதா? வாங்கலாம். மேலே போட்ட கணக்கில் பெரும்பங்கு கைக்கூலி. வெல்டிங், மரவேலை, சீட் தைப்பது இவற்றில் குறைந்தது இரண்டு வேலை உங்களுக்குத் தெரியும் என்றால், மாலை நேரங்களை அதில் செலவழிக்க உங்களுக்கு விருப்பமும் இடமும் இருந்தால், கணக்கு மாறும். முதல் வண்டி, எந்த வேலையும் தெரியாது என்றால், உங்கள் பணத்துக்குள் கிடைக்கும் வண்டிகளில் மிக நல்ல நிலையில் உள்ளதை வாங்குங்கள். பெரிய மாடலின் மோசமான வண்டியைவிட சின்ன மாடலின் நல்ல வண்டி உங்களைச் சந்தோஷமாக ஓட்ட வைக்கும்.

"ரெஸ்டோர் செய்தது" என்ற சொல்லுக்கு விலை கொடுக்கும் முன் எப்போது, யார், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மரச் சட்டம் தகடு இல்லாமல் நிற்கும் போட்டோ, கிராங்க் கடைந்த அளவு எழுதிய ரசீது, இவை இருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. 20 வருடத்துக்கு முன் செய்த ரெஸ்டோரேஷன் என்றால் அதன் ரப்பர், வயர், பிரேக் லைனிங் எல்லாம் இப்போது 20 வருடப் பழையவை. பழைய லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

விலை பேசும்போது உங்கள் தாளை அவர் முன்னால் வையுங்கள். வண்டியை இழித்துப் பேசாதீர்கள். அது அவர் வீட்டில் பல வருடம் இருந்த வண்டி, நீங்கள் அதன் மேல் அக்கறையோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் உதிரிப் பாகப் பெட்டியையும் பழைய கையேட்டையும் அவரே கொண்டுவந்து கொடுப்பார். எனக்கு அப்படிக் கிடைத்த ஒரு பெட்டிக்குள் புதுக் காகிதத்தில் சுற்றிய டைனமோ ஆர்மேச்சர் இருந்தது.

கேள்வி: ஒரு கொட்டகையில் 40 வருடமாகத் தூசிக்குள் நின்ற கார். "இப்படிக் கிடைத்த வண்டிகள் கோடிக்கணக்கில் போகின்றன" என்கிறார் உரிமையாளர். உண்மையா?

பதில்: போயிருக்கின்றன. 1925 புகாட்டி பிரெஷியா ஒன்று இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மஜோரே ஏரியின் அடியில் பல பத்தாண்டுகள் கிடந்தது. 2009-இல் அதை வெளியே எடுத்தார்கள். ஒரு பக்கம் முழுக்க அரித்துப்போன அந்த வண்டி 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது. ஆனால் விலை போனது தண்ணீரில் கிடந்ததற்காக இல்லை. அது புகாட்டி என்ற பேர்பெற்ற கம்பெனியின் கார், அதற்கு ஊரறிந்த ஒரு கதை இருந்தது, ஒரு அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள். யாரும் அதை ஓட்ட நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் செய்த ஒரு சாதாரண சலூனுக்கு, தூசி விலையைக் கூட்டாது.

அதே சமயம் தொடாத வண்டிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்பதை நான் மனதார நம்புகிறேன். முதல் பெயின்ட், முதல் சீட் துணி, கம்பெனியில் போட்ட போல்ட் தலைகள். ஒருமுறை கழற்றிவிட்டால் திரும்ப வராது. அப்படி ஒன்று என்றால் கழுவுங்கள், பாலிஷ் போடாதீர்கள்.

நிலையைக் கணிப்பது எளிது. ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய ஆயில் விட்டு, சில நாள் கழித்துக் கிராங்க் ஹேண்டிலால் கையால் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் நல்லது. அனுமதி கிடைக்கவில்லையென்றால் என்ஜின் உள்ளே இறுகிச் சுற்றாமல் போயிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். எலி கடித்த வயரும், ஈரத்தில் கெட்ட மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) சுருளும் நிச்சயம் இருக்கும், அதையும் தாளில் எழுதுங்கள்.

கேள்வி: காகிதத்தில் உள்ள என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளதும் வேறு வேறு. பயப்பட வேண்டுமா?

பதில்: என்ஜின் மாற்றியது மட்டும் குற்றமல்ல. இந்த வண்டிகள் வேலை செய்து பிழைத்த வண்டிகள். ஒரு என்ஜின் உடைந்தால் இன்னொன்றைத் தூக்கி வைத்தார்கள். ஆனால் எண் அடித்த இடம் சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாக இருந்தால், எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தால், பழைய தகட்டில் புது ரிவெட் இருந்தால், நின்று யோசியுங்கள். மாடல் டி-யில் இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் பெரும்பாலான காலத்தில் சேஸிஸில் எண்ணே கிடையாது, என்ஜினில் அடித்த எண்தான் வண்டியின் எண். மாடல் ஏ-யில் சேஸிஸிலும் எண் உண்டு, ஆனால் அது உடலுக்கு அடியில் மறைந்திருக்கும், உடலைத் தூக்கினால்தான் தெரியும்.

ஒரு வண்டி "அதே வண்டி" என்பதை எது தீர்மானிக்கிறது என்று லண்டனில் ஒரு வழக்கே நடந்தது. 1929, 1930 இரண்டு வருடமும் லே மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி, 'ஓல்ட் நம்பர் ஒன்'. அதை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், பழைய பாகங்கள் அதில் மிகக் குறைவு என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். 1990-இல் நீதிமன்றம் விற்பவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாகங்கள் காலப்போக்கில் மாறியிருந்தாலும், அந்த வண்டியின் வாழ்க்கை நடுவில் அறுபடாமல் தொடர்ந்திருந்தது என்பது முக்கியமான காரணம். உங்களுக்கும் அதுவே வழி. என்ஜின் எப்போது, ஏன் மாறியது என்பதற்கு ஒரு ரசீதோ பழைய போட்டோவோ இருக்கிறதா பாருங்கள். அப்புறம், காகிதத்தை விற்பவர் தன் பெயரில் இருக்கும்போதே திருத்திக் கொடுக்கட்டும். அதற்கு முன் முழுப் பணம் வேண்டாம்.

கேள்வி: 1938 கார். வின்டேஜ் என்று சொல்லி விற்கிறார்கள். சரியா?

பதில்: பேச்சு வழக்கில் சொல்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 1919 முதல் 1930 வரை உள்ளவற்றைத்தான் வின்டேஜ் என்கிறது. 1931 முதல் 1945 வரை போஸ்ட்-வின்டேஜ். 1938 கார் முதல் வண்டியாக இன்னும் சௌகரியமானதும்கூட, ஏனென்றால் அதற்குள் பல தயாரிப்பாளர்கள் ஆயில் பிரேக்குக்கு வந்துவிட்டார்கள். ஆனால் வின்டேஜ் விலையோடு ஒப்பிட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய 1930 கார் பத்து வருடமாக ஓடவில்லை. விற்க வேண்டிய நிலை. வீட்டில் எல்லோரும் பெயின்ட் அடித்துவிட்டு விற்கலாம் என்கிறார்கள். நியாயமான விலை எப்படிச் சொல்வது?

பதில்: அம்மா, பெயின்ட் அடிக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் புது பெயின்ட்டைப் பார்த்தால் அடியில் என்ன மறைத்திருக்கிறீர்கள் என்றுதான் யோசிப்பார். கழுவித் துடைத்து, காற்று நிரப்பி, பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். துருப்பிடித்த இடத்தையும் சேர்த்து எடுங்கள். மேலே சொன்ன 100 கணக்கை நீங்களும் போடலாம். வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். வாங்க விருப்பம் உள்ளவர் சொல்லும் மதிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அப்பா பெட்ரோல் போட்டதையும் ஆயில் மாற்றியதையும் எழுதிய நோட்டு, பழைய ரசீதுகள், அவர் அந்த வண்டியோடு நிற்கும் போட்டோக்கள், எல்லாவற்றையும் ஒரு கவரில் சேருங்கள். ஓடாத வண்டிக்கு அதுதான் நல்ல சாட்சி. வாங்குபவருக்கு நகல் கொடுத்தால் போதும், அப்பாவின் கையெழுத்து உள்ள நோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையை யாராவது சுத்தம் செய்ய வருவதற்கு முன், இன்றைக்கே போய் சீட்டுக்கு அடியிலும் அலமாரியின் கீழ்த்தட்டிலும் பாருங்கள். கிராங்க் ஹேண்டில், ஜாக்கி, வீல் ஸ்பேனர், பழைய ஹப் மூடி எல்லாம் அங்கேதான் கிடக்கும், பார்ப்பவர்களுக்குப் பழைய இரும்பாகத்தான் தெரியும். எடுத்துத் துடைத்து வண்டிக்குள் வைத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.